கையில் லைப்போசக்‌ஷன் செய்தும் திருப்தி இல்லையா? அடுத்து எதை, எந்த வரிசையில் செய்வது

மேல்கையில் தொங்கும் சதையைக் குறைக்க, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டு, கட்டு பிரித்த பிறகு கண்ணாடியைப் பார்த்து "இதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான். அப்புறம் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சிலரோடு டாக்டரின் அறை வரை போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரும்பாலும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். கையில் மிச்சமிருப்பது வீக்கமா, கொழுப்பா, தோலா என்று தெரியும் முன்பே இரண்டாவது சிகிச்சைக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. வீக்கத்துக்கு மருந்து காலம்தான். கொழுப்பு மிச்சமிருந்தால் மறுபடி உறிஞ்சலாம். ஆனால் தோல் தளர்ந்த கையில் மறுபடி உறிஞ்சினால், தோலைத் தாங்கி நிற்கும் கொஞ்ச நஞ்சக் கொழுப்பும் போய், கை முன்பைவிட அதிகமாகத் தொங்கும். கீழே உள்ள வரிசை இந்தத் தவறைத் தவிர்ப்பதற்காகத்தான்.

1. ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வடிவம் சரியில்லை என்ற கவலையை ஒரு பக்கம் வையுங்கள். காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, தொட்டால் சூடு, துளை போட்ட இடத்தில் நாற்றமடிக்கும் கசிவு, மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, கொப்புளம், கறுத்துப்போகும் தோல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமித் தொற்று தோலுக்கு அடியில் வேகமாகப் பரவக்கூடியது. காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம், மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நுரையீரலில் ரத்தக் கட்டியோ கொழுப்புத் துளியோ அடைத்திருக்கலாம்.

விரல்கள் நீலம் பாய்ந்து, குளிர்ந்து, மரத்துப்போனால், ஆபரேஷனுக்குப் பிறகு போடச் சொன்ன இறுக்கமான ஸ்லீவைக் கழற்றிவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கழற்றிய பிறகும் நிறம் திரும்பாவிட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

2. ஆபரேஷன் தேதியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுங்கள்

இந்த ஒரு கணக்கே பாதிப் பேரின் கவலையைத் தீர்த்துவிடும். முதல் சில நாட்களில் கை முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியலாம். ஆபரேஷனின்போது உள்ளே செலுத்திய திரவமும் திசுக்கள் காயப்பட்டதால் வந்த வீக்கமும் சேர்ந்த பருமன் அது. புவியீர்ப்பால் இது கீழே இறங்கி முழங்கையிலும் முன்கையிலும் தேங்கும். அதைப் பார்த்துவிட்டு "கொழுப்பு கீழே நகர்ந்துவிட்டது" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. கொழுப்பு அப்படி நகராது.

ரத்தக்கட்டு மறைய 2 முதல் 3 வாரம் ஆகும். அதற்குப் பிறகு ஆரம்பிப்பதுதான் பலரைக் கலங்கடிக்கும் கட்டம். தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக, சில இடங்களில் கயிறு போல, தடித்துக் கடினமாக இருக்கும். உள்ளே காயம் ஆறுவதன் அடையாளம் இது. பெரும்பாலும் 3 மாதத்துக்குள் மெல்ல இளகும். மரத்த உணர்வும், திடீரென்று சுருக்கென்று குத்துவதும் சில மாதங்கள் வரை இருப்பது வழக்கம்.

வடிவம் ஓரளவுக்குத் தெளிவாகத் தெரிவது 3-வது மாதத்தில். 6-வது மாதத்தில் வீக்கத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம் என்று சொல்லலாம். தோல் சுருங்குவது அதற்குப் பிறகும் மெதுவாக நடக்கும். சிலருக்கு ஒரு வருஷம் வரை. எனவே 6 மாதத்துக்கு முன் "முடிவு சரியில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அதற்கு முன் மறுபடி கத்தி வைக்கலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் இந்த அவசரம் என்று கேளுங்கள்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஒரே இடத்தில் தண்ணீர்ப் பை போல, அழுத்தினால் தளும்பும் வீக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. நிணநீர் தேங்கியிருக்கலாம். டாக்டர் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் எடுத்துவிடுவார். விட்டுவிட்டால் அதைச் சுற்றிச் சவ்வு பிடித்து நிரந்தரக் கட்டியாகிவிடலாம்.

3. காகிதங்களை வாங்கிக் கையில் வையுங்கள்

சண்டை வந்த பிறகு கேட்டால் கொடுக்கத் தயங்குவார்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். தேவையானவை: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், எல்லா ரசீதுகளும், ஆபரேஷனுக்கு முன் அவர்கள் எடுத்த படங்கள்.

இவற்றில் முக்கியமானது ஆபரேஷன் குறிப்பு. ஒவ்வொரு கையிலும் எத்தனை மில்லி எடுத்தார்கள், எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள், என்ன கருவி, அக்குள் ஓரத்தையும் முதுகோரத்தையும் தொட்டார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டாவது டாக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான். மில்லி கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: பாட்டிலில் சேர்ந்தது முழுவதும் கொழுப்பு அல்ல; உள்ளே செலுத்திய திரவமும் ரத்தமும் அதில் கலந்திருக்கும்.

கொடுக்க மாட்டோம் என்றால், இந்தியாவில் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளைச் சொல்லலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், உள்நோயாளிகளின் பதிவுகளை 3 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாயால் கேட்காமல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். கேட்ட தேதி பதிவாகும்.

4. படமும் அளவும் ஒரே மாதிரி எடுங்கள்

செல்ஃபியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். போனின் முன்பக்கக் கேமரா அருகில் இருக்கும் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். நீட்டிய கை எப்போதும் பருத்துத்தான் தெரியும். வேறொருவரை ஐந்தாறு அடி தள்ளி நிறுத்தி, பின்பக்கக் கேமராவில், தோள் உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

நான்கு நிலைகள் போதும். கை தொங்கவிட்டு முன்னும் பின்னும். கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி முன்னும் பின்னும். மாதம் ஒருமுறை, அதே அறை, அதே வெளிச்சம், முடிந்தால் காலை நேரம். தினமும் எடுத்தால் மாற்றம் தெரியாது, மன உளைச்சல்தான் கூடும்.

அளவெடுக்க, முழங்கை எலும்பின் முனையிலிருந்து மேலே 10 செ.மீ. அளந்து புள்ளி வைத்து, அந்த இடத்தின் சுற்றளவை எடுங்கள். இன்னொன்று 15 செ.மீ.யில். "நடுக் கை" என்று உத்தேசமாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் டேப் வேறு இடத்தில் விழும். இரண்டு கைக்கும் தனித்தனியாகக் குறித்து, அன்றைய உடல் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். எடை கூடியிருந்தால் மிச்சமிருக்கும் கொழுப்புச் செல்கள் பருக்கும். அதை ஆபரேஷன் கணக்கில் எழுத முடியாது.

ஆபரேஷனுக்கு முன் அளவு எடுக்கவே இல்லையா? பழைய ஜாக்கெட்டைத் தேடுங்கள். டீ-சர்ட் துணி இழுபடும், நம்ப முடியாது. அளவெடுத்துத் தைத்த பருத்தி ஜாக்கெட்டின் கை இழுபடாது. பிரித்துத் தைக்காத ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு, வலக்கைக்காரர்களுக்கு வலது கை கொஞ்சம் பருமனாக இருப்பது இயல்பு. முன்பு கண்ணில் படாத வித்தியாசம், ஆபரேஷனுக்குப் பிறகு உற்றுப் பார்ப்பதால் புதிதாக வந்ததாகத் தோன்றும். பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

5. குறை எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 6 மாதம் முடிந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஒருவரின் உதவியோடு செய்யுங்கள். கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தொங்கும் பகுதியை உதவியாளர் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிக்கட்டும்.

பிடியில் தடிமனாக, மெத்தென்று வந்தால் கொழுப்பு மிச்சமிருக்கிறது. மெல்லியதாக, துணியைப் பிடித்தது போல வந்தால் மிச்சமிருப்பது தோல். ஏறக்குறைய ஒன்றரை செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் கொழுப்பு என்று கொள்ளலாம். இறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். முழங்கைப் பக்கம் தோல், அக்குள் பக்கம் கொழுப்பு என்று இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் கிள்ளிவிட்டு நிறுத்தாதீர்கள்.

அடுத்து பள்ளங்கள். ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கையைத் திருப்புங்கள். நேரே விழும் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் மேடு பள்ளம் இதில் தெரியும். கையை முறுக்கித் தசையை இறுக்கும்போது பள்ளம் இன்னும் ஆழமானால், தோல் அடித்தசையோடு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. மாறாமல் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் அதிகமாக உறிஞ்சியிருக்கலாம்.

சிலருக்குக் கை நன்றாகவே மெலிந்திருக்கும், ஆனாலும் ஸ்லீவ்லெஸ் போட்டால் சதை பிதுங்கும். பின்னால் இருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். அக்குளின் முன் மடிப்பும், பிரா பட்டைக்கு மேல் முதுகோரம் திரளும் சதையும்தான் காரணம் என்றால், கையை மறுபடி தொட்டுப் பயனில்லை. கையில் மட்டும் எடுத்ததால் பக்கத்து மேடு எடுப்பாகத் தெரிகிறது.

துளை போட்ட இடத்தில் கருமை, தடிப்பு. நம் தோல் நிறத்தில் இது சகஜம். தழும்பு அதன் எல்லையைத் தாண்டி வளர்ந்து, அரித்து, வலித்தால் கெலாய்ட். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ ஏற்கெனவே அப்படி வளர்ந்திருந்தால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்து என்ன ஆபரேஷன் என்ற முடிவையே அது மாற்றும்.

கடைசியாக, ஆரம்பத்திலேயே இது வெறும் கொழுப்பா என்ற சந்தேகம். இரண்டு கையும் ஒரே அளவில் பருத்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலும் ரத்தம் கட்டி, மணிக்கட்டோடு பருமன் நின்றுபோய் உள்ளங்கை மட்டும் ஒல்லியாக இருந்தால் லிப்பெடீமா என்ற, கொழுப்பு இயல்புக்கு மாறாகச் சேரும் நோயாக இருக்கலாம். கால்களிலும் இதே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கை மட்டும், விரல்வரை வீங்கினால், அதுவும் மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணக்கணுக்களை எடுத்தவர் என்றால், நிணநீர் வீக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வழக்கமான அழகுச் சிகிச்சைக் கணக்கு பொருந்தாது.

6. காத்திருக்கும் மாதங்களில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

டாக்டர் சொன்ன காலம் வரை கம்ப்ரெஷன் ஸ்லீவைப் போடுங்கள். வழக்கமாக 3 முதல் 6 வாரம். பலர் கவனிக்காதது அதன் மடிப்பு. முழங்கையில் சுருண்டு கயிறு போல இறுக்கினால் அந்த இடத்தில் தோலில் கோடு பதியும். அக்குளில் விளிம்பு அழுத்தினால் மேலே சதை பிதுங்கும். காலையில் போட்டதை மதியம் ஒருமுறை நீவிச் சரிசெய்யுங்கள். வீக்கம் வடிந்து தொளதொளவென்று ஆகிவிட்டால் சிறிய அளவு தேவைப்படும், கேளுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வீட்டில் பாட்டியோ அத்தையோ "நல்லெண்ணெய் போட்டு நீவி ஒத்தடம் கொடு, கட்டி கரையும்" என்பார்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்துபோன பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேரே வைத்தாலும் அதே ஆபத்து. அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். டாக்டர் சொன்னால், பயிற்சி பெற்றவரிடம் மென்மையான நிணநீர் மசாஜ் செய்துகொள்ளலாம்.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று பார்லர்களிலும் சின்னச் சின்ன ஸ்கின் கிளினிக்குகளிலும் போடுகிறார்கள். இதில் நான் கறார். இந்த வகையைச் சேர்ந்த டீஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் அனுமதி கொடுத்தது தாடைக்கு அடியில் போட மட்டுமே, கைக்கு அல்ல. ஏற்கெனவே வடு பிடித்த திசுவில் அதைச் செலுத்தினால் மேடு பள்ளம் கூடும், தோலும் கெடலாம்.

எடையைச் சீராக வையுங்கள். டாக்டர் அனுமதித்த பிறகு கைப் பயிற்சி செய்யுங்கள். தசை கொஞ்சம் நிரம்பினால் லேசான தளர்வு குறைந்து தெரியும். அதிகத் தோலை எந்தப் பயிற்சியும் சுருக்காது.

7. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே முதலில் பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் கோபமாகப் படம் அனுப்புவதைவிட, நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போவது பலன் தரும். உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் முழுதாகத் தெரியும். திருத்தம் செய்தால் சர்ஜன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் பலர் தயார்.

"எனக்குப் பிடிக்கவில்லை டாக்டர்" என்று ஆரம்பித்தால் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்ற பதிலோடு வெளியே வருவீர்கள். படத்தையும் அளவையும் மேஜையில் வைத்து இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இங்கே மிச்சமிருப்பது கொழுப்பா, தோலா? கொழுப்பு என்றால் அப்போது ஏன் விட்டீர்கள்? தோல் என்றால் இரண்டாவது லைப்போசக்‌ஷன் அதை எப்படிச் சரிசெய்யும்? எதுவும் செய்யாமல் விட்டால் ஒரு வருஷத்தில் எப்படி இருக்கும்?" நான்காவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவரை நம்பலாம்.

அவர் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டிருக்கவும் கூடும். ஒட்ட உறிஞ்சினால் பள்ளம் விழும் என்பதால் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய அடுக்கை விடுவதுதான் நல்ல பழக்கம். அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. இரண்டாவது கருத்து

முதல் டாக்டரின் நண்பரிடமோ, அவர் அனுப்பும் இடத்துக்கோ போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டிஆர்.என்.பி என்ற உயர் சிறப்புப் படிப்பை முடித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை போதாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவில் பெயரைச் சரிபார்க்கலாம்.

செலவைத் தாங்க முடியாவிட்டால் சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. அங்கே தீக்காயமும் விபத்தும்தான் முதல். அழகுக்கான திருத்தத்துக்கு நீங்கள் கடைசி வரிசையில்தான் நிற்பீர்கள். ஆனால் கையைப் பார்த்து "இது தோல்" என்று சொல்ல, உங்களிடம் எதையும் விற்க வேண்டிய தேவையில்லாத கண்கள் அங்கே இருக்கின்றன.

முதலில் காகிதத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டுங்கள். அவர் தன் கருத்தைச் சொன்ன பிறகு ஆபரேஷன் குறிப்பைக் கொடுங்கள். முதல் டாக்டரைத் திட்டுவதிலேயே நேரத்தைக் கழிப்பவர் என்றால் எழுந்து வாருங்கள்.

9. குறைக்கு ஏற்ற திருத்தம்

கொழுப்பு மிச்சம், தோல் இறுக்கம்: சின்ன டச்-அப் லைப்போசக்‌ஷன். வடு பிடித்த இடத்தில் கருவி நுழைவது முதல் முறையைவிடக் கடினம். அதனால் குறைவாக எடுப்பதே பாதுகாப்பு.

பள்ளம்: தொடையிலோ வயிற்றிலோ கொழுப்பு எடுத்து நிரப்புவது. வைத்ததில் ஒரு பங்கு உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். இன்னொரு முறை தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். தோல் ஒட்டியிருந்தால் ஊசியால் ஒட்டைப் பிரித்துவிட்டு நிரப்புவார்கள்.

லேசான தளர்வு: ரேடியோ அலைச் சூட்டால் தோலைச் சுருக்கும் சிகிச்சை. கொஞ்சம் உதவும். கையைத் தூக்கினால் இறக்கை போலத் தொங்குபவர்களுக்கு இது பணத்தை வீணாக்குவது.

அதிகத் தளர்வு: பிராக்கியோபிளாஸ்டி, அதாவது தோலை வெட்டியெடுத்துத் தைப்பது. அக்குளிலிருந்து முழங்கை வரை, கையின் உட்புறத்திலோ பின்புறத்திலோ தழும்பு விழும். மாதக்கணக்கில் சிவந்து, தடித்து, ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கும், முழுதாக மறையாது. முன்கையின் உட்பக்கம் மரத்துப்போகவும் வாய்ப்புண்டு, அங்கே உணர்வு தரும் நரம்பு வெட்டும் வழியிலேயே ஓடுகிறது. தளர்வு அக்குளை ஒட்டி மட்டும் இருந்தால் தழும்பை அக்குளுக்குள் மறைக்கும் சிறிய வகை உண்டு. கெலாய்ட் வரும் உடம்புக்காரர்கள் இதில் இறங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். தொங்கும் தோலை ஜாக்கெட் கை மறைக்கும். அரிக்கும் நீளத் தழும்பு ஜாக்கெட்டுக்குள்ளும் அரிக்கும்.

தழும்புக்கு சிலிக்கான் ஜெல், தடித்தால் ஸ்டீராய்டு ஊசி, கருமைக்கு வெயில் படாமல் மூடுவதும் சன்ஸ்கிரீனும்.

எதையும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். ஆனால் நாளின் பெரும் பகுதி கையைப் பற்றியே ஓடுகிறது, விசேஷங்களுக்குப் போவதே நின்றுவிட்டது என்றால் அடுத்த ஆபரேஷனுக்கு முன் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். மனம் அந்த நிலையில் இருக்கும்போது எவ்வளவு நல்ல முடிவும் கண்ணுக்குப் பிடிக்காது.

10. பணம், எழுத்து, புகார்

திருத்தம் இலவசம் என்று சொன்னால் எது இலவசம் என்று கேளுங்கள். சர்ஜன் கட்டணம் மட்டும் தள்ளுபடி, ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ஸ்லீவ், மருந்து எல்லாம் உங்கள் தலையில் என்பதுதான் வழக்கம். அழகுச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு, மருத்துவக் காப்பீடு கிடையாது. மொத்தத் தொகையை எழுதி வாங்கிய பிறகே முன்பணம்.

எதிர்பார்த்தது வரவில்லை என்பது மட்டும் கவனக்குறைவாகாது. சொல்லவேண்டிய ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியது, தகுதியில்லாதவர் செய்தது, தொற்றைக் கவனிக்காமல் விட்டது போன்றவற்றுக்குத்தான் வழக்கில் வலு. அப்போதும் இன்னொரு நிபுணரின் எழுத்துக் கருத்து தேவைப்படும். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். ஆனால் இழப்பீடு அங்கே கிடைக்காது, நுகர்வோர் ஆணையத்தில்தான் கேட்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தோல் சுருங்க ஒரு வருஷம் காத்திருப்பீர்கள், டாக்டரோடு பேசியே இன்னும் சில மாதம் போகும். ஆபரேஷன் நடந்து 18 மாதம் ஆகும் தேதியை இப்போதே போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். பேச்சு முடியாமல் இழுத்தால் அந்த நாளில் வக்கீலைப் பார்க்கலாம்.